முடிவு தெரியாமல் சொன்ன கதை

நான் நிறையப் படிப்பவள் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். நிறையப் புத்தகங்களில் நிறையப் பக்கங்கள் படித்திருக்கிறேன். எந்தப் புத்தகத்திலும் கடைசிப் பக்கங்களை மட்டும் படித்ததில்லை, அவ்வளவுதான்.

பிடிக்காமல் விடுவதில்லை. ஒரு கதை நன்றாக இருக்கும்போதே, பக்கத்து அறையில் இன்னொன்று எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறதே என்று கால் பரபரக்கும். எங்கள் மந்தைவெளி வீட்டில் தலையணைக்குக் கீழே ஒன்று, மிக்ஸிக்குப் பின்னால் ஒன்று, குளியலறை ஜன்னலில் ஒன்று என்று எல்லாம் குப்புறப் படுத்துக் கிடக்கும். (தலையணைக்குக் கீழே இருந்தது எஸ்டேட் மர்மக் கதை, குளியலறையில் இருந்தது சரித்திர நாவல். அப்பா அதன்மேல் சோப்பு டப்பாவை வைப்பார்.)

இந்த லட்சணத்தில்தான் தி.நகரில் ஒரு பதிப்பகத்துக்கு உதவி ஆசிரியர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அந்த வேலை கிடைக்காவிட்டால் கிண்டியில் மாமாவின் வால்வு கம்பெனியில் உட்கார வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

ஆட்டோவில் மீனவக் குடும்பத்துக் கதை ஒன்றைப் பிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

“இன்னாம்மா, எறங்கலியா? பனகல் பார்க் வந்து எம்மா நேரமாவுது. புக்கு படிச்சிகினு கீறியேன்னு சும்மா இருந்தேன்.”

ஓடினேன். அங்கே போனால் ஒரு மணி நேரம் காக்க வைத்தார்கள். வரவேற்பறை அலமாரியில் தேனீ வளர்ப்பு பற்றி ஒரு புத்தகம் இருந்தது. எனக்கும் தேனீக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனாலும் எடுத்தேன். ராணித் தேனீ செத்து, புது ராணியை எப்போது உள்ளே விடுவது என்கிற இடத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே இரண்டு பேர். முதலாளி வசந்தா மேடம். தன் அப்பாவுக்குப் பிறகு பதிப்பகத்தை எடுத்து நடத்துபவர். பக்கத்தில் ஆசிரியர் சந்திரன் சார், சிரிப்பதையே மறந்துபோன முகம்.

“இப்போ என்ன படிச்சிண்டிருக்கே? அந்தக் கதையைச் சொல்லேன்,” என்றார் மேடம்.

எந்தக் கதையை? தலைக்குள் நாலைந்து பேர் ஒரே சமயத்தில் கையைத் தூக்கினார்கள்.

“எஸ்டேட் மேனேஜர் ஒருத்தர் காணாமப் போயிடறார் மேடம். கோத்தகிரி பக்கம். அவரோட மனைவி தேடிக்கிட்டுக் கிளம்பறாங்க. கட்டுமரத்துல.”

சந்திரன் சார் நிமிர்ந்தார். “கோத்தகிரியில கட்டுமரமா?”

அங்கேயே நிறுத்தி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். “ஏரி ஒண்ணு இருக்கு சார்,” என்றேன்.

“அப்புறம்?” என்றார் மேடம்.

அந்த ‘அப்புறம்’தான் என்னைக் கெடுத்தது. என்னிடம் யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை.

“அப்ப ஒரு தளபதி குதிரையில வர்றார் மேடம்.”

“தளபதியா?”

“ரிட்டயர்டு மிலிட்டரி.”

வாய் நிற்கவில்லை. மேனேஜரின் தேனீப் பெட்டியில் ராணி செத்துக் கிடந்தது. புது ராணியை உடனே உள்ளே விட்டால் மற்ற தேனீக்கள் கொன்றுவிடும் என்பது அவருக்கும் தளபதிக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. மேடத்தின் காபியில் ஆடை படர்ந்தது. அவர் அதைப் பார்க்கவேயில்லை.

“சரி, மேனேஜர் உசிரோட இருக்காரா இல்லையா?”

“தெரியல மேடம்.”

“தெரியலைன்னா?”

“இன்னும் அந்த இடம் வரல.”

“கட்டுமரத்துல போனாளே, அவ?”

“அதுவும் வரல.”

மேடத்தின் முகம் சிவந்தது. “ஒருத்தரை ஒக்கார வெச்சு இவ்ளோ தூரம் இழுத்துண்டு வந்துட்டு, தெரியலைங்கறே.”

சந்திரன் சார் மெதுவாகப் பேனாவை மூடினார். “மேடம், இவங்க சொன்னது ஒரு கதை இல்ல. நாலு புத்தகம். அதுல மூணு நம்ம போட்டது.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “கட்டுமரம் மட்டும் வேற யாரோ,” என்றார்.

பிறகு ஒரு மெலிந்த நாவலை என் கையில் கொடுத்து, பக்கத்து அறையில் உட்கார்ந்து அதை மட்டும் படித்து முடிக்கச் சொன்னார். அதுதான் கடைசி வாய்ப்பு என்று எனக்கும் புரிந்தது. சத்தியமாக முயன்றேன். பன்னிரண்டாம் பக்கம் வரை ஒழுங்காகப் போனது. அப்புறம் மின்விசிறி முனகியது. சுவரிலிருந்த தீயணைப்புக் கருவியை இயக்கும் முறையைப் படித்தேன். காலண்டரில் ராகு காலம் படித்தேன். அந்த அறை முழுக்க அலமாரி.

சாப்பாட்டுக்குப் பிறகு சந்திரன் சார் கதவைத் திறந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றி ஏழெட்டுப் புத்தகங்கள் குப்புறக் கிடந்தன.

“முடிச்சாச்சா?”

“எதை சார்?”

அவர் கதவை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டார். நான் போய்விட்டேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் தம்பி பாலாஜி தரையில் உருண்டு சிரித்தான். அம்மா மாமாவுக்கு போன் செய்தாள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. எந்தப் புத்தகத்தைத் தொட்டாலும் ‘நீ யார் எங்களைப் படிக்க’ என்பதுபோல் இருந்தது. இத்தனை வருஷம் படித்து நான் என்னதான் கற்றுக்கொண்டேன்? படிப்பு என்பது ஊர் போய்ச் சேர்வது என்றால், நான் எல்லா ரயிலிலும் ஏறி முதல் ஸ்டேஷனிலேயே இறங்கியவள். ஆனால் ஏறும்போது இருந்த அந்தப் படபடப்பு? அது பொய்யில்லை என்று மட்டும் தோன்றியது.

வால்வு கம்பெனிக்குப் போகவிருந்த வாரத்தில் சந்திரன் சார் போனில் கூப்பிட்டார்.

“மேடம் உங்களை வரச் சொல்றாங்க. அந்த மேனேஜர் என்ன ஆனாருன்னு தினம் என் உயிரை எடுத்தாங்க. மூணு புத்தகத்தையும் எடுத்துக் கொடுத்தேன். ராத்திரி பகலா படிச்சாங்க. அச்சகம், பேப்பர்னு அலையறவங்க, நம்ம புத்தகத்தை இதுவரைக்கும் பிரிச்சதே கிடையாது.” குரலைத் தாழ்த்தினார். “பின்னட்டையில கதைச் சுருக்கம் எழுத ஆள் வேணும். முடிவைச் சொல்லிடக் கூடாது. உங்களால சொல்ல முடியாதுன்னு மேடத்துக்கு முழு நம்பிக்கை.”

இன்றுவரை அதுதான் என் வேலை. வீட்டிலும் கிட்டத்தட்ட அதுவே. மகளுக்குத் தினமும் நான் கதை ஆரம்பித்துவிட்டு எழுந்துவிடுவேன். முன்கதை ஒன்றும் தெரியாத என் கணவர் வந்து முடித்து வைப்பார். ராஜாவோ, திருடனோ, திமிங்கலமோ, அவர் கதையில் எல்லோரும் கடைசியில் வீட்டுக்கு வந்து தோசை சாப்பிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். போன வாரம் பாலாஜி வந்திருந்தபோது அவளைக் கேட்டான், அம்மா கதை பிடிக்குமா, அப்பா கதை பிடிக்குமா என்று.

“அம்மாவோடது கதை இல்ல மாமா, பசி,” என்றாள்.