நாகலூரில் கண்துரு எடுத்த கதை

கண்ணில் துருப் பிடிக்கும் என்று நாகலூரில் அதுவரை யாருக்கும் தெரியாது. சந்திரசேகர் வந்து சொன்ன பிறகு, துருப் பிடிக்காத கண் ஒன்றுகூட ஊரில் மிச்சமில்லை.

‘ஒளிவேந்தர்’ என்பது அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பட்டம். பழைய காப்பிக் கிடங்கு ஒன்றைப் பிடித்து, வாசலில் பேனர் கட்டினார். பேனரில் ஆளுயரக் கண். அதன் கருவிழிக்குள் அவரே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கீழே ‘ஆன்டிஆக்சிடன்ட் அருள்வாக்கு’ என்று எழுதியிருந்தது. அப்படியென்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. புரியாத சொல்லைக் கண்டால் நம்மவர் கை தானாகக் குவியும் என்பது அவர் படித்த ஒரே படிப்பு.

செவ்வாய், வெள்ளிகளில் ஏற்காட்டு பஸ் பிதுங்கியது. செம்மநத்தத்து ஆட்கள் ஜீப் பிடித்து வந்தார்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் அதைக் கழற்றிக் காணிக்கைக் கூடையில் போட்டுவிட்டு, திரும்பும்போது வாசற்படி தெரியாமல் உருண்டார்கள்.

“புது ஒளி வந்திருக்கு. கண்ணு கூசத்தான் செய்யும்” என்றார் ஒளிவேந்தர். விழுந்தவர்கள் எழுந்து கும்பிட்டார்கள்.

பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்த ராசம்மாளுக்கு இந்தக் கூட்டத்தால் கொண்டாட்டம். “ஒளிவேந்தர் நூறு வருசம் நல்லா இருக்கோணும்” என்று மனதார வாழ்த்திக்கொண்டே பால் காய்ச்சினாள். தன் ஊட்டுக்காரரும் அந்தக் கூட்டத்தில் போய் உட்காரும்வரை அந்த வாழ்த்து நீடித்தது.

புருஷன் ஐயாக்கண்ணு எஸ்டேட்டில் ஏணி சாத்தி மிளகு பறிக்கிறவர். சர்க்கரை நோய்க்காரர். கண்முன் கரும்புள்ளிகள் பறக்கின்றன என்று ஏற்காட்டில் நடந்த கண் முகாமுக்குப் போனார். சேலத்திலிருந்து வந்திருந்த டாக்டர் வனிதா சோதித்துவிட்டு, “விழித்திரையில ரத்தம் கசியுதுங்க. சீக்கிரம் லேசர் போட்டுக்கணும். தள்ளிப் போடாதீங்க” என்றார். ஆகாயம் முட்டும் மரத்தில் நடுங்காத கால், லேசர் என்ற ஒரு சொல்லுக்கு நடுங்கிவிட்டது. நேராகக் கிடங்குக்குப் போனார். ராசம்மாளும் கூடப் போனாள்.

“லேசர்னா நெருப்பு. கண்ணுக்குள்ள யாராச்சும் நெருப்பு வைப்பாங்களா?” என்று கேட்டார் ஒளிவேந்தர். கூட்டம் உச்சுக்கொட்டியது. “விழித்திரை ராப்பகலா ஆக்சிஜனைச் செலவழிக்குது. வெளிச்சமும் படுது. அதான் துருப் பிடிக்குது. இப்போ பாருங்க!”

சொன்னதில் பாதி உண்மை. கலப்படத்துக்கு அதுதான் சரியான அளவு.

ஈரப் பஞ்சால் ஐயாக்கண்ணுவின் இமைகளைத் துடைத்தார். டீத்தண்ணி நிறத்தில் மூலிகை நீர் இருந்த வெள்ளைத் தட்டில் அந்தப் பஞ்சைப் போட்டார். நீர் கருநீலமாகிப் பிறகு கறுத்தே போனது. “துரு!” என்று கூட்டம் அலறியது. அடுத்து, குப்பியிலிருந்து ‘ஒளித்துளி’ சொட்டினார். கறுப்பு மாயமாய் மறைந்து நீர் தெளிந்தது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ராசம்மாளும்தான். குப்பியோடு ஊடு திரும்பினார்கள்.

தினமும் துளி குடித்தார் ஐயாக்கண்ணு. கேட்டவர்களிடம் எல்லாம், “இப்ப நொம்பத் தெளிவுங்க” என்றார். இரண்டு மாதம் போனது. ஒருநாள் கடையில் கூட்டம் அதிகம். உதவிக்கு வந்த ஐயாக்கண்ணு ஸ்டைலாக டீயை உயரத் தூக்கி ஆற்றி ஊற்றினார். முழு டீயும் டம்ளருக்குப் பக்கத்தில், பலகைமேல் விழுந்தது. அவர் அது தெரியாமல் வெறும் டம்ளரை எடுத்து ஆளிடம் நீட்டினார்.

ராசம்மாள் அந்த டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

“ஏனுங்க, நெசத்தச் சொல்லுங்க. கண்ணு தெரியுதுங்களா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “இடது கண்ணு பூராவும் இருட்டா வருது புள்ள. தெரியலைன்னு சொன்னா, பக்தி பத்தலைன்னு சொல்லிப்போடுவாருன்னு…”

அன்றைக்கு, சர்க்கரையால் ஆறாமலிருந்த அவர் கால் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டினாள். கை தவறியதில் காவி நிற அயோடின் மருந்து பக்கத்திலிருந்த சோற்றுக் கஞ்சியில் சிந்திவிட்டது. கஞ்சி கருநீலமாகிக் கறுத்தது.

ராசம்மாள் கஞ்சியையே பார்த்தாள். கஞ்சிக்கு ஏது கண்? கண்ணில்லாததற்கு ஏது துரு? குப்பியில் மிச்சமிருந்த ஒளித்துளியை நக்கிப் பார்த்தாள்; புளித்தது. சர்பத்துக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கஞ்சியில் நன்றாகப் பிழிந்தாள். கறுப்பு போய்விட்டது. ஆத்திரத்தில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

மறுநாளே புருஷனைக் கூட்டிக்கொண்டு சேலம் போய், டாக்டர் வனிதாவிடம் கஞ்சிக் கதையைச் சொன்னாள். வனிதாவும் சிரித்தார்; ஐயாக்கண்ணுவின் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“அந்த ஆளு சொன்னதுல பாதி நிஜம்தாம்மா. விழித்திரை நிறைய ஆக்சிஜனைச் செலவழிக்கும், வெளிச்சமும் பட்டுக்கிட்டே இருக்கும். அதுல செல்லை அரிக்கிற கழிவு உண்டாகும். கீரை, மக்காச்சோளம், முட்டை, ஆரஞ்சுல இருக்கிற ஆன்டிஆக்சிடன்ட்தான் அதை அடக்கி விழித்திரையைக் காக்குது. ஆனா சாப்பாட்டோட சேர்ந்து மெல்ல மெல்ல நடக்கிற காவல் அது. ரத்தம் கசியறதை அது அடைக்காது. ஓட்டைக் குழாய்க்குப் பெயிண்ட் அடிச்சா தண்ணி நிக்குமா?”

“அப்ப பஞ்சுல துரு வந்துச்சுங்களே?” என்றார் ஐயாக்கண்ணு.

“விழித்திரை கண்ணுக்குப் பின்பக்கம் இருக்கு. வாசலைக் கூட்டினா கொல்லையில இருக்கிற குப்பை போகுமா?”

அன்றே முதல் லேசர் போட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ராசம்மாள் கிடங்குக்குள் நுழைந்தபோது இடுப்பில் ஒரு பூசணிக்காய் இருந்தது. கடைவாசலில் திருஷ்டிக்குக் கட்டியது. முட்டைக்கண்ணும் முறுக்கு மீசையும் வரைந்திருந்தது.

“சாமி, இவருக்கும் பார்வ மங்கிப்போச்சுங்க. கொஞ்சம் துரு எடுத்து உடுங்க.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒளிவேந்தர் சிரிக்கவில்லை. “விளையாட்டு வேண்டாம் தாயி” என்றார். அவர் முடிப்பதற்குள் அவருடைய ஈரப் பஞ்சையே எடுத்துப் பூசணிக்காயின் கண்களைத் துடைத்துத் தட்டில் போட்டுவிட்டாள் ராசம்மாள். நீர் கறுத்தது. மனிதக் கண்ணைவிட நன்றாகவே கறுத்தது.

ஒளிவேந்தர் சுதாரித்துக்கொண்டார். “காய்கறிக்கும் ஆத்மா உண்டு!”

“இருக்கட்டுமுங்க. அப்ப இது?” தன் மடியிலிருந்து புதுப் பஞ்சு எடுத்து, குழாய்த் தண்ணீரில் நனைத்து, பக்கத்திலிருந்த கிளியூர்க் கிழவரின் கண்ணைத் துடைத்தாள். வேறொரு தட்டு மூலிகை நீரில் போட்டாள். நீர் அப்படியே இருந்தது. “பாத்தீங்களா? பூசணிக்காய்க்குத் துரு இருக்குது, இந்த அய்யனுக்கு இல்ல. பஞ்சுல தடவுனது கஞ்சித்தண்ணி. தட்டுல இருக்கறது புண்ணு மருந்து. ஒளித்துளி புளிக்குதான்னு நக்கிப் பாருங்க. அந்தக் கறுப்ப எங்க கடை எலுமிச்சம்பழமே போக்கிப்போடும்!”

பிழிந்தும் காட்டினாள். கறுப்பு போனது. அதோடு ஒளிவேந்தரும் போனார், பின்வாசல் வழியாக. முன்பக்கம் சுற்றிக்கொண்டு ஓடியபோது, அங்கே கட்டியிருந்த தம் பேனர்க் கயிறு காலில் சிக்கிக் குப்புற விழுந்தார். எல்லாருக்கும் ஒளி கொடுத்தவருக்குக் கயிறு தெரியவில்லை. பிறகு, கூட்டம் வரவழைத்த போலீஸ் ஜீப்பில் ஏறினார்.

ஐயாக்கண்ணுவின் வலது கண் தப்பியது. இடது கண்ணில் இழந்தது இழந்ததுதான். இனி ஏணி ஏற முடியாது. கடையில் டம்ளர் கழுவுகிறார்; ஒவ்வொரு டம்ளரையும் தடவிப் பார்த்து அடுக்குகிறார். ராசம்மாள் முருங்கைக்கீரை சமைக்கிறாள், மாத்திரையும் கொடுக்கிறாள், சேலத்துக்கும் தவறாமல் கூட்டிப் போகிறாள்.

போன வாரம் டீ குடிக்க வந்த ஒருவர் ஆவலாகக் கேட்டார்: “ஏனுங்கக்கா, சேலத்துல ஒருத்தரு மயிலிறகால தடவிச் செவுட்டுக்காதக் கேக்க வெக்கறாராமே, நெசமுங்களா?”

ராசம்மாள் டீயை அவர் முன்னால் வைத்தாள்.

“சந்தையில கத்திரிக்காய நாலு தடவ திருப்பிப் பாக்கறீங்க, காம்பக் கிள்ளிப் பாக்கறீங்க, சொத்தையான்னு கேக்கறீங்க. உங்க காதையும் கண்ணையும் ஒருத்தன் கையில குடுக்கறதுக்கு முன்னால, அவனையும் ஒருதடவ திருப்பிப் பாத்தா என்னங்க கொறஞ்சு போகும்?”