ஹெர்ட்ஸ் அண்ணனின் முடியாத பாட்டு

மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு மாப்பிள்ளையின் செல்போன் தொடர்பு எல்லைக்கு வெளியே போனது. என் மகள் கயலின் ரிசப்ஷன் ஆறரைக்கு, கல்யாணம் மறுநாள் காலை. மாப்பிள்ளை வீட்டார் வேதாரண்யத்திலிருந்து ஒரு வேனில் வந்துகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பாவைக் கூப்பிட்டேன், அதே பதில். அத்தையைக் கூப்பிட்டேன், அதே பதில். வெளியே கார்த்திகை மாதத்து மழை, தண்ணீரைக் குடத்தோடு கவிழ்த்த மாதிரி. இதெல்லாம் நடந்து நான்கு மாதம் ஆகிறது. இன்னும் எங்காவது ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டால் டீசல் போதுமா என்று கேட்கப் போய்விடுகிறேன்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்வதற்கு முன் ஹெர்ட்ஸ் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காவிரி கடலில் கலக்கிற வரைக்கும் உள்ள ஊர்களை எல்லாம் சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரு பாட்டை முடிக்கவே தெரியாத மனிதர் அவர் ஒருவர்தான் அகப்படுவார்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அதைச் சபைப் போதகரே மறந்துவிட்டார். மயிலாடுதுறையில் பம்புசெட் மோட்டாருக்குச் செப்புக் கம்பியால் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டு மாடி போர்ஷனுக்கு வாடகைக்குக் கேட்டு வந்தபோது, "சாமான் அதிகமில்ல டீச்சர். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு ஆர்கன்" என்றார். வாயில் வைத்து ஊதுவதாக்கும் என்று நானும் தலையாட்டினேன். மறுநாள் அதைத் தூக்க நெல் மூட்டை தூக்கும் ஆட்கள் ஆறு பேர் வந்தார்கள். படியில் பாதி தூரம் ஏறியதும் ஒருவர் இறக்கி வைத்துவிட்டு, "உள்ள யாராச்சும் படுத்திருக்காங்களாங்க?" என்று கேட்டார்.

அது ஹாமண்ட் ஆர்கன். எந்தக் காலத்திலோ அமெரிக்காவிலிருந்து ஒரு பழைய சர்ச்சுக்கு அன்பளிப்பாக வந்தது. உள்ளே ஒரு மோட்டார் சுற்றுகிறது, அது வரிசையாகப் பல்சக்கரங்களைச் சுற்றுகிறது, அந்தச் சக்கரங்களிலிருந்துதான் சுரம் பிறக்கிறது. அமெரிக்க மின்சாரம் வினாடிக்கு அறுபது தடவை, அதாவது அறுபது ஹெர்ட்ஸ், துடிக்கும், நம்முடையது ஐம்பது தடவை. அதனால் நம்மூரில் சக்கரம் மெதுவாகச் சுற்றும், சுருதி மொத்தமாக ஒன்றரைக் கட்டை இறங்கிவிடும். சர்ச்சில் இது யாருக்கும் தெரியாது. சபையார் வருஷக்கணக்காகத் தொண்டை கட்டியவர்களைப் போலக் கீர்த்தனை பாடினார்கள். பக்தி என்றால் இவ்வளவு கனமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு புதுக் கீபோர்டு வந்தது, ஆர்கன் மூலைக்குப் போனது, மூலையிலிருந்து என் மாடிக்கு வந்தது.

வந்த இரண்டாவது வாரம் மொட்டைமாடியில் ஒரு டீசல் ஜெனரேட்டர் முளைத்தது.

"கரண்ட்தான் இருக்கேண்ணே, இது எதுக்கு?"

"கரண்ட் இருக்கு டீச்சர். ஹெர்ட்ஸ் இல்ல."

அன்றிலிருந்து தெருவுக்கு அவர் ஹெர்ட்ஸ். ஜெனரேட்டரின் வேகத்தைத் திருகித் திருகி அறுபது துடிப்புக்குக் கொண்டுவருவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அந்த ஆடம்பரம். மற்ற நாட்களில் நம்மூர் மின்சாரத்திலேயே, இறங்கிய சுருதியிலேயே பழகுவார். அதிலும் ஒரு பலன் இருந்தது. அந்தக் காலத்தில் குறுவைக்குத் தண்ணீர் இறைக்கும் சமயம் சுற்றுவட்டாரத்து மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். மின்சாரம் களைத்துப்போகும், ஆர்கனும் கூடவே இன்னும் கொஞ்சம் இறங்கும். உடனே மாடி ஜன்னலில் அவர் தலை தெரியும்.

"மாவு ஆட்டுறவங்க இப்பவே ஆட்டிக்குங்க. போவப்போவுது."

போய்விடும். எங்கள் தெருவில் இட்லி அவருடைய காதை நம்பித்தான் வெந்தது.

இதோடு நின்றிருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் வாசிப்பதற்குப் பெயர் ப்ரோக்ரெசிவ் ராக். சிங்கப்பூரிலிருந்து அவருடைய சித்தப்பா மகன் எப்போதோ கொண்டுவந்த கேசட்டுகளில் பிடித்த வியாதி. அந்த வெள்ளைக்காரர்களுக்கு என்ன கஷ்டமோ, ஒரே பாட்டு கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். தெரியாத்தனமாக ஒரு காதுகுத்துக்கு இவரை வாசிக்கக் கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். அது முடிவு இல்லை, மூச்சு வாங்குவது. மறுபடி நின்றது, மறுபடி தட்டினார்கள், மறுபடி மூச்சு. அப்புறம் யாரும் கையைத் தூக்கவில்லை. பாட்டு முடிவதற்குள் குழந்தைக்கு ஒரு பல் முளைத்துவிட்டது என்று அதன் தாய்மாமன் இன்றைக்கும் சாதிக்கிறார். தாளமோ ஏழு. ஆடக் கிளம்பிய பையன்கள் எட்டாவது அடியைக் காணாமல் காலைத் தூக்கியபடி நின்றார்கள். தலையாட்டியது அங்கே வந்திருந்த தவில்காரர் மட்டும்தான்.

"மிஸ்ர சாபுதாங்க. நல்லாத்தான் இருக்கு. எப்ப விடுவாருன்னுதான் தெரியல."

நான் மெதுவாக மேடைப் பக்கம் போய், "சட்டுன்னு முடிங்களேண்ணே" என்றேன்.

"மொத்தம் நாலு பாகம் டீச்சர். இப்பதான் ரெண்டாவது. மூணாவதுல மொதப் பாகம் திரும்பி வரும், ஆனா சோகமா."

ஆர்கனுக்கு அடுத்தபடி அவருக்குப் பிரியம் மெல்லோட்ரான். அதை அவர் கண்ணால் கண்டதில்லை. துபாயில் இருக்கும் மாப்பிள்ளையைப் பற்றி மாமியார் பேசுவாளே, அப்படிப் பேசுவார். அந்த வாத்தியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு ஒலிநாடா இருக்குமாம். அமுக்கினால் அதில் பதிந்த புல்லாங்குழலோ பாட்டுக் குழுவோ எட்டு வினாடி ஒலிக்கும், பிறகு நாடா தீர்ந்துவிடும், கையை எடுத்தே ஆக வேண்டும். நியாயமான வாத்தியம் என்று எனக்குத் தோன்றியது. கிடைக்காததால் தானே ஒன்று செய்யக் கிளம்பினார். ஊரில் வீணாய்ப் போன டேப் ரெக்கார்டரை எல்லாம் திரட்டி வரிசையாக அடுக்கி, கயிறு கட்டி, விசை வைத்தார். பாட்டுக் குழு வேண்டும் என்று தெருப் பெண்களைத் தேடி வந்தார்.

"டீச்சர், ஒரே ஒரு 'ஆ' குடுங்க. எட்டு செகண்டு."

"அடுப்புல சாம்பார் கொதிக்குதுண்ணே."

"கொதிக்கட்டும். அதுவும் சேந்து பதியட்டும்."

கொடுத்தேன். எல்லோரும் கொடுத்தார்கள். அடுத்த ஞாயிறு நாங்கள் வாசலில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஒன்றாக "ஆ" என்று கத்தினோம். கீழே நின்ற நாங்களே திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தோம். எதிர்வீட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டார்.

காலி செய்யச் சொல்லலாம் என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது முடிவு செய்வேன். சொல்வதற்குள் ஏதாவது வந்துவிடும். தவிர, கயல் அந்தச் சத்தத்துக்கு அடியிலேயே வளர்ந்துவிட்டாள். மேலே ஏழு தாளம் ஓட ஓட, கீழே அவள் கால் தட்டிக்கொண்டே கணக்குப் போடுவாள். கல்யாணம் நிச்சயமானதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ரிசப்ஷனுக்கு ஹெர்ட்ஸ் மாமாதாம்மா வாசிக்கணும்."

"ஊரு சிரிக்கும்டி."

"சிரிச்சிட்டுப் போவட்டும்."

நான் மாடிக்குப் போய், இரண்டே இரண்டு சினிமாப் பாட்டு, அதுவும் சின்னதாக என்று நிபந்தனை போட்டேன். "சரிங்க டீச்சர்" என்று, ஜுரத்தில் இருப்பவர் கஞ்சிக்குச் சம்மதிப்பது போலச் சம்மதித்தார்.

இனி அந்த மாலைக்கு வருகிறேன். மாப்பிள்ளை பிரபுவுக்கு அப்பா இல்லை. பெரியப்பா வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். எங்கள் போதாத காலம், பத்திரிகையில் அவர் பெயர் சித்தப்பா பெயருக்குக் கீழே அச்சாகிவிட்டது. அன்று காலையில்கூடப் போனில், "வர்றதும் வராததும் எங்க இஷ்டம்தானம்மா" என்று சொல்லியிருந்தார். அதற்கப்புறம் மாலையில் எல்லாருடைய போனும் சேர்ந்து ஊமையானால் ஒரு தாய் என்ன நினைப்பாள்?

ஏழு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. மின்சாரம் போய் மண்டபத்து ஜெனரேட்டர் ஓடியது. மேடையில் இரண்டு சிம்மாசனம். ஒன்றில் கயல், மற்றொன்றில் யாரும் இல்லை. வந்தவர்கள் பரிசுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் காலி நாற்காலியையே பார்த்தார்கள். என் நாத்தனார் பக்கத்தில் வந்து, "அவங்க வீட்டுல மனசு மாறிட்டாங்களாமே, நெசமா?" என்று கேட்டாள். "யார் சொன்னா?" என்றேன். "பந்தியில பேசிக்கிறாங்க." முன்வரிசையில் ஒரு குடும்பம், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாமா என்று செருப்பைத் தேடியது. அவர்கள் எழுந்தால் அடுத்த வரிசை எழும், கால் மணியில் மண்டபம் காலியாகும், விடிவதற்குள் என் மகளின் கதை கும்பகோணம் வரைக்கும் போய்விடும். கயல் என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கைகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

மேடை ஓரத்தில் ஹெர்ட்ஸ் அண்ணன் ஆர்கனுக்கு முன்னால் சலவைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"எதையாச்சும் வாசிங்கண்ணே."

"அந்த ரெண்டு சினிமாப் பாட்டா டீச்சர்?"

"வேணாம். முடியாததா ஒண்ணு வாசிங்க."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். பிறகு பின்பக்கம் திரும்பி, ஜெனரேட்டர்காரரிடம், "தம்பி, அறுபதுக்கு ஏத்து" என்றார்.

மண்டபத்து மின்விசிறி எல்லாம் பேய் பிடித்த மாதிரி வேகமெடுத்தன. முன்வரிசையில் தலைப்பூ பறந்தது. விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. ஆர்கன் கத்தியது. செருப்பைத் தேடிய குடும்பம் உட்கார்ந்துவிட்டது. பாட்டு நடுவில் எழுந்துபோக நம்மூரில் யாருக்கும் மனசு வராது. நின்றால் போகலாம் என்று காத்திருந்தார்கள். நின்றது. பாதி எழுந்தார்கள். மறுபடி ஆரம்பித்தது. உட்கார்ந்தார்கள். இப்படியே எழுப்பி எழுப்பி உட்காரவைத்தார். மறுநாள் முகூர்த்தத்துக்காக வந்து அறையில் படுத்திருந்த அதே காதுகுத்துத் தவில்காரர், ஏழு தாளம் காதில் விழுந்ததும் தவிலைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்துகொண்டார். ஊர் காலி நாற்காலியை மறந்து, எப்போது முடியும் என்ற ஒரே கவலையில் ஒன்றுபட்டது. கயலின் பட்டுப் புடவைக்கு அடியில் கால் மெதுவாகத் தட்ட ஆரம்பித்ததைப் பார்த்தேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். ஜெனரேட்டர்காரர் ஓடி வந்து, "டீசல் தீருதுங்க" என்றார். என் கணவர் குடைகூட எடுக்காமல் கேனோடு மழையில் ஓடினார். மோட்டார் இருமியது. விளக்கு மங்கியது. ஆர்கனின் சுருதி, ஆள் மெல்ல உட்காருவது போல இறங்கத் தொடங்கியது. கூட்டத்தில் தலைகள் திரும்பின. ஹெர்ட்ஸ் அண்ணன் இடது கையால் வாசித்தபடியே மைக்கைப் பிடித்து, "இது சோகமான பாகம்" என்று அறிவித்தார்.

எல்லோரும் சோகமாகத் தலையாட்டினார்கள். நெல் வியாபாரி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீசல் வந்து ஊற்றியதும் சுருதி மெல்ல மெல்ல ஏறிப் பழைய இடத்துக்கு வந்தது. மனிதர் என்னமாய் வாசிக்கிறார் என்று மண்டபமே கைதட்டியது.

அப்போதுதான் வாசலில் டிராக்டர் சத்தம். ஊருக்கு வெளியே வாய்க்கால் உடைத்துக்கொண்டு ரோட்டை அரித்துவிட்டது. வேன் சேற்றில் இறங்கிவிட்டது. போனில் டவர் இல்லை. கடைசியில் யாரோ ஒரு விவசாயியின் டிராக்டரை மறித்து ஏறி வந்திருக்கிறார்கள். டிரெய்லரிலிருந்து முதலில் இறங்கியவர் பெரியப்பா. முழங்கால் வரை சேறு. தலையில், தார்ப்பாயில் சுற்றிய சீர்த்தட்டு. நான் கைகூப்பிக்கொண்டு ஓடினேன்.

"அண்ணே, அந்தப் பத்திரிகை விஷயம்..."

"பத்திரிகை கெடக்குதும்மா. ஒரு துண்டு இருந்தா குடுங்க."

பிரபு பேண்டை மடித்துவிட்டபடி, கோட்டெல்லாம் நனைந்து நேரே மேடைக்கு ஏறினார். கயலிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவள் அப்போதுதான் அழுதாள். அவர்களைப் பார்த்ததும் ஹெர்ட்ஸ் அண்ணன், யாரும் சொல்லாமலே, பாட்டை முடித்தார். நான் அறிந்து முதல் தடவை. அது உண்மையான முடிவுதானா என்று ஊருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒருவரும் அசையவில்லை. நான்தான் முதலில் கைதட்டினேன். கை வலிக்கும்வரை தட்டினேன்.

மாப்பிள்ளை ஆர்கன் பக்கம் திரும்பினார்.

"ஏங்க நிறுத்திட்டீங்க? நான் பாதியிலதான வந்தேன். மொதல்லேருந்து வாசிங்களேன்."

ஹெர்ட்ஸ் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"வாசிங்கண்ணே" என்றேன்.