மைக்கண்ணன் அழிக்காத படங்கள்

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை வந்து தொலைந்துபோனவர்களில் பாதிப் பேரை அண்ணாமலையார் கண்டுபிடித்துக் கொடுத்தார் என்றால், மீதிப் பாதியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் எங்கள் மைக்கண்ணன். இதில் அண்ணாமலையாருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்திருக்கும். அவர் சத்தமில்லாமல் கண்டுபிடிக்கிறவர். மைக்கண்ணன் ஊரைக் கூட்டித்தான் கண்டுபிடிப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். வேங்கிக்காலில் எங்கள் தெருவின் கோடி வீட்டில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் போவார். பௌர்ணமி என்றால் மட்டும் யார் கூப்பிட்டாலும் போக மாட்டார். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை தாண்டி ஒரு பந்தல் போட்டு, மேஜை, ஆம்ப்ளிஃபயர், ஒரு குடம் தண்ணீர் சகிதம் உட்கார்ந்துவிடுவார். கூட்டத்தில் கைவிட்டுப் போனவர்கள் அங்கே வந்து அழுவார்கள். அண்ணன் பெயரும் ஊரும் கேட்டு அறிவிப்பார்.

அறிவிப்பு என்றால் பஸ் ஸ்டாண்டில் கேட்கிற மாதிரி இருக்காது.

"சேத்துப்பட்டு கோவிந்தசாமி! உங்க சம்சாரம் இங்க உக்காந்து அழுதுகினு இருக்காங்க. நீங்க எந்தக் கடையில பஜ்ஜி சாப்டுகினு இருக்கீங்க? கையக் கழுவிட்டு உடனே வாங்க!"

கோவிந்தசாமி மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் பஜ்ஜி இருந்தது. அன்றிலிருந்து மைக்கண்ணனுக்கு ஞானதிருஷ்டி உண்டு என்று அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் நம்பினார்கள். "ஞானதிருஷ்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொண்டாட்டியத் தொலைச்ச ஆம்பள வேற எங்கடா இருப்பான்?" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

பாதையில் இருக்கும் மற்றப் பந்தல்களுக்கு அனுப்புவதற்காக, தொலைந்து வந்தவர்களை அவர் போனில் படம் எடுப்பார். ஆள் கிடைத்ததும் படத்தை அழித்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் அண்ணனின் சட்டம் குறுக்கே நிற்கும். ஜோடி சேர்ந்து கிளம்புகிறவர்களை நிறுத்தி நம்பரைக் கொடுப்பார்.

"ஊரு போய் சேர்ந்ததும் எனக்கு ஒரு போன் அடிங்க. அடிச்சாதான் படத்த அழிப்பேன். இல்லன்னா என் போன்லயே குடியிருக்க வேண்டியதுதான்."

எல்லாரும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். பஸ் செங்கம் தாண்டுவதற்குள் மறந்துவிடுவார்கள். நாம் எல்லாருமே அப்படித்தான். தொலைந்திருக்கும்போது இருக்கிற பயபக்தி கிடைத்த பிறகு இருப்பதில்லை.

எப்போதாவது யாராவது நினைவாகக் கூப்பிட்டுவிட்டால் அது திருவிழா. அண்ணன் எந்த வேலையில் இருந்தாலும் எழுந்து நிற்பார். சுற்றி இருப்பவர்களுக்குப் படத்தைக் காட்டுவார். பிறகுதான் அழிப்பார். ஒருமுறை ஒரு கல்யாண மண்டபத்தில் மைக்கோடு இருந்தபோது போன் வந்துவிட்டது. "கலசபாக்கம் முனியம்மா நல்லபடியா வீடு போய் சேர்ந்துட்டாங்க!" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டுச் சொந்தம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். முனியம்மா சாப்பிடாமலே போய்விட்டார்களா என்று பெண்ணின் அப்பா பந்தியில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கூத்தெல்லாம் கஸ்தூரி வருவதற்கு முன்பே இருந்ததுதான். ஆனால் கஸ்தூரி வந்து போன பிறகுதான் அது வேடிக்கையாக இல்லாமல் போனது.

ஒரு பௌர்ணமிக்குப் பந்தலுக்கு வந்த பெண் அவள். முப்பது வயதுக்குள் இருக்கும், மாசமாக இருந்தாள். தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிறேன் என்று போன கணவன் திரும்பவில்லை. போன், பணம் எல்லாம் அவனிடம். அண்ணன் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அன்று மட்டும் யாரையும் மைக்கில் திட்டவில்லை. வரச் சொல்லிக் கெஞ்சினார். கூட்டம் கலைந்து, பாதையைப் பெருக்குகிறவர்கள் வந்துவிட்டார்கள். அவன் வரவில்லை. வரப்போவதில்லை என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது போல எனக்குப் பட்டது.

"எங்க அக்கா வீட்டுக்குப் போறேங்கண்ணா," என்றாள். அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய், பன்னும் தண்ணீரும் வாங்கிக் கொடுத்து, நம்பரை எழுதிக் கையில் திணித்து, அவள் கை காட்டிய விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார வைத்தார். "போனதும் அடிக்கிறேங்கண்ணா," என்று அவள் சொன்னதை நானும் கேட்டேன். பஸ் வளைவில் திரும்பி மறைந்த பிறகுதான் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். வாழ்நாள் எல்லாம் 'பேரு, ஊரு' என்று கேட்ட மனுஷன், அவள் அழுகையைப் பார்த்த பதற்றத்தில் அக்கா ஊர் எது என்று கேட்கவில்லை.

அன்று போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு, அறிவிப்புகளுக்கு நடுவே, "கஸ்தூரி அம்மா, ஊரு போய் சேர்ந்துட்டீங்களா? ஒரு போன் அடிங்கம்மா," என்று மைக்கில் கேட்டார். பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"யாருய்யா காணோம்?"

"யாரும் காணாம போகல சார். போன் வரல, அதான்."

போலீஸ்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு எந்தப் பௌர்ணமியிலும் அந்தக் கேள்வியை அண்ணன் விட்டதில்லை.

போன் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு போனுக்கு எவ்வளவு மெமரி வேண்டும் என்று இப்போது ஆளாளுக்கு ஆராய்ச்சி செய்கிறார்கள். மைக்கண்ணன் வைத்திருந்தது பதினாறு ஜிபி. அது எப்போதும் நிரம்பி வழிந்தது. புதிதாக ஒருவர் தொலைந்து வந்தால் இடம் இருக்காது. உடனே தன் வீட்டுச் சாமான்களை வெளியே தூக்கிப் போடுவார். மகள் கல்யாணப் படங்கள் போயின. அண்ணியோடு பழனி போன படங்கள் போயின. பேத்தி முதல்முதலாக நடந்த வீடியோவும் போனபோது அண்ணி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நீயே கேளு தம்பி. பெத்த பொண்ணோட கொழந்த நடக்கறத அழிச்சிட்டு, எவன் தாத்தா படத்தையோ பத்திரமா வச்சிருக்காரு."

"பேத்தி தொலையலையேடி! கண்ணு முன்னாடிதான நடக்குறா!" என்று அண்ணன் பின்னாலேயே வந்து நின்றார்.

அப்படியும் இடம் போதாமல் என் போனை வாங்கிப் படம் எடுக்க ஆரம்பித்தார். அதன் பலனை நான் வீட்டில் அனுபவித்தேன்.

"யாருங்க இந்தப் பொம்பள?"

"தொலைஞ்சு போனவங்க."

"தொலைஞ்சு போனவங்க எதுக்கு உங்க போன்ல சிரிக்கிறாங்க?"

புருஷன் கிடைத்துவிடுவான் என்று அண்ணன் தைரியம் சொன்ன சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று நான் விளக்கியது எடுபடவில்லை. அன்று இரவு எனக்குத் தோசையில் முறுகல் கம்மி.

கடைசியில் நானே அவரைத் தேரடி வீதியில் ஒரு செல்போன் கடைக்கு இழுத்துப் போனேன். கடைக்காரர் நூற்றிருபத்தெட்டு ஜிபியில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதுல எத்தினி பேரு உக்காரலாம்?" என்று அண்ணன் கேட்டார். ஷேர் ஆட்டோ வாங்க வந்தவரோ என்று கடைக்காரர் விழித்தார். நான் நிலைமையைச் சொன்னேன்.

"அப்ப எதுக்குண்ணா ஜாஸ்தி காசு? எல்லாத்தையும் கிளவுடுல ஏத்திடலாம். மேல பத்திரமா இருக்கும்."

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இவங்க இன்னும் வீட்டுக்கே போய் சேரல. அதுக்குள்ள மேல அனுப்பச் சொல்றியா?"

சரி, பழைய போனில் இருப்பதை அப்படியே புதியதற்கு மாற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். அதற்கும் அண்ணன் மசியவில்லை. "பஸ்ஸு நெறைய ஆளுங்கள ஏத்தி, பஸ்ஸு மாத்தி உட்டா, எவனாவது ஒருத்தன் நடுவுல எறங்கிடுவான். அந்த ஒருத்தரு கஸ்தூரியா இருந்தா நான் இன்னா பண்றது?"

"அப்ப உனக்கு எவ்ளோதாண்ணா மெமரி வேணும்?" என்று நான் கத்திவிட்டேன்.

அண்ணன் புதுப் போனைக் கடைக்காரர் பக்கமே தள்ளி வைத்தார். "எல்லாரும் ஒரு போன் அடிச்சிருந்தா நாலு ஜிபி போதும்டா தம்பி," என்றார். கடைக்காரர் புதுப் போனைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார். நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

பிறகு ஒருநாள் அண்ணனின் குரல் கம்மியது. பனி, கற்பூரப் புகை, கூட்டத்துத் தூசி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். மிளகு, சித்தரத்தை, பனங்கற்கண்டு என்று அண்ணி என்னென்னவோ கொடுத்துப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது தொண்டையில் புற்று என்றார்கள். ஊரையே கூப்பிட்ட தொண்டை. கேட்டபோது எனக்குச் சாமியின் மேலேயே கோபம் வந்தது. பல நாள் கோயில் பக்கம் போகவில்லை.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் விழுந்ததும் போனை என்னிடம் கொடுத்தார். யாராவது கூப்பிட்டால் அவரால் பேச முடியாதல்லவா. தினமும் மாலையில் நான் போய் உட்கார்ந்ததும் காற்று மாதிரி ஒரு குரலில் ஒரே கேள்வி: "வந்துச்சா?" யாரிடமிருந்து என்று நான் கேட்டதில்லை. "இல்லண்ணா" என்பேன். கண்ணை மூடிக்கொள்வார். இனி வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள் என்று டாக்டர் அண்ணியிடம் சொன்ன நாளில், அந்த "இல்லண்ணா" எனக்கு வாயில் வரவில்லை.

"வந்துச்சுண்ணா," என்றேன்.

அண்ணன் கண் பெரிதாக விரிந்தது. "இன்னா சொல்லிச்சு?"

"அக்கா வீட்டுலதான் இருக்காங்களாம். நல்லா இருக்காங்களாம்."

"கொழந்த?"

இதை நான் யோசித்துக்கொண்டு வரவில்லை. "பொண்ணுண்ணா," என்றேன்.

"யாரு ஜாடை?"

"அவங்க... அவங்க ஜாடைதானாம்."

பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து, "ரொம்ப சந்தோசங்க," என்றார். அண்ணி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய் இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் கையை நீட்டிக் காட்டினார்.

"எட்றா போன. அழிச்சிடு."

படத்தைத் திறந்தேன். பந்தல் பெஞ்சில், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வேறு எங்கோ பார்த்தபடி கஸ்தூரி. அழிக்கவா என்று போன் கேட்டது. விரலைக் கொண்டுபோனேன். அழுத்த முடியவில்லை. அழுத்திவிட்டால் அவளைத் தேட இந்த உலகத்தில் ஒருத்தரும் இல்லை என்று ஆகிவிடும் போலிருந்தது. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்த நிலையிலும், சிரித்தார்.

"உன்னால முடியாதுடா. நெஜமா வந்திருந்தா நீ எந்திரிச்சி நின்னு அழிச்சிருப்ப."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் என் முழங்கையைத் தட்டிக் கொடுத்தார்.

"பொண்ணுன்னு சொன்ன பாரு, அது நல்லா இருந்துச்சு. படம் இருக்கட்டும். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அந்த வாரக் கடைசியில் வீட்டில் வைத்து இறந்துபோனார். எடுக்கும்போது, அவர் சத்தத்தால் கூடிய கூட்டமெல்லாம் சத்தமில்லாமல் நின்றது. அடி அண்ணாமலை பஜ்ஜிக் கடைக்காரர்கூட வந்திருந்தார்.

போனை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார் அண்ணி. நான் எதையும் அழிக்கவில்லை. நம்பர் உயிரோடு இருக்க வேண்டும் என்று மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறேன். மணி அடித்தால் சாப்பாட்டுக் கையோடு ஓடிப் போய் எடுக்கிறேன். இன்றுவரை கஸ்தூரி கூப்பிடவில்லை. பெரும்பாலும் லோன் வேண்டுமா என்று கேட்கும் யாராவது ஒரு பெண்தான் பேசுகிறாள். என் போனில் கூப்பிட்டிருந்தால் கத்திவிட்டு வைத்திருப்பேன். இதில் கத்த மனம் வரவில்லை. அண்ணன் இல்லையேம்மா என்று சொல்லிவிட்டு, அவளாக வைக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருக்கிறேன்.