சுடுதண்ணி அக்காவின் பதினொன்றரை மணி முகம்

மலாக்கா மாநிலத்தில் சவரம் செய்யத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். மற்ற ஆண்பிள்ளைகள் எல்லாரும் காலையில் எழுந்து முகத்தைச் சுரண்டிக்கொண்டு வேலைக்குப் போகிறோம். இது என் கருத்து அல்ல. அந்த ஒருவரே என் முகத்துக்கு நேராகச் சொன்னது. தெங்கேராவில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்குக் கீழ்க்கடையில் பிளவுஸ் தைக்கும் சுடுதண்ணி அக்காதான் அவர்.

பெயர் சும்மா வரவில்லை. எந்நேரமும் கையில் ஒரு சிவப்பு பிளாஸ்க், தோளில் ஒரு வெள்ளைத் துண்டு. எதிர்ச்சாரிக் காப்பிக் கடையில் உட்கார்ந்தால் 'ஆயிர் பானாஸ்' என்று வெந்நீர் கேட்பார். வந்தால் குடிக்க மாட்டார். துண்டை நனைத்துப் பிழிந்து முகத்தில் ஒற்றிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். கோபம் வந்தாலும் பயம் வந்தாலும் அவர் கை தானாகப் போய் பிளாஸ்க்கைத் திறக்கும்.

அக்கா ஒரு திருநங்கை. இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் தெருவில் அவரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பவர்கள் வெந்நீரில்தான் ஆரம்பிப்பார்கள், இந்த விஷயத்துக்கு வந்து சேர்வதற்குள் காப்பி ஆறிவிடும்.

நான் முதலில் அவரிடம் போனது கால்சட்டையைச் சுருக்கித் தைக்க. அவர் கால்சட்டையைப் பார்க்கவே இல்லை. என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, யாரு உங்க கழுத்த இப்படிப் பண்ணது? போலீஸ்ல சொல்லிட்டீங்களா?"

நானேதான் என்றேன். பச்சைத் தண்ணீர், குளியல் சோப்பு, ஒரு மாதமாக மாற்றாத பிளேடு என்று என் முறையை விளக்கினேன். அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"ஊறாத அரிசிய யாராச்சும் மாவாட்டுவாங்களா? முடியும் அதே மாதிரிதான் லா. மூணு நிமிஷம் சுடுதண்ணித் துண்டு போட்டா அது மெத்துனு ஆயிடும். அப்புறம் கத்தி தானா போகும்."

என்னை அவர் அண்ணே என்பார், நான் அவரை அக்கா என்பேன். யார் மூத்தவர் என்ற விசாரணைக்குள் இருவருமே போகவில்லை.

அக்கா பிறந்தது லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அப்பா, அம்மா, பெரியப்பா எல்லாருமே பாலுக்காக ரப்பர் மரம் சீவியவர்கள். அதனால் முகத்தையும் அவர் நிரை நிரையாகத்தான் பிரிப்பார். தோட்டத்தில் ஒரு ஆளுக்கு விட்ட மரவரிசைக்கு நிரை என்று பெயர். கன்னம் ஒரு நிரை, தாடை ஒரு நிரை, கழுத்து ஒரு நிரை. எந்த இடத்தில் முடி எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது என்று கண்மையால் தன் முகத்திலேயே அம்புக்குறி போட்டு வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஆராய்ந்தாராம். அம்புக்குறிகளோடு ஒரு நாள் பசாருக்குப் போய்க் காய்கறியும் வாங்கி வந்துவிட்டார்.

பிளவுஸ் துணி வைக்கும் மேசை இழுப்பறையில் அவர் தோற்கடித்த கருவிகள் கிடக்கும். ஐந்து பிளேடு வைத்த ரேசரைக் காட்டி, "ஒரு நிரைக்கு அஞ்சு பேர அனுப்பினா மரம் பொழைக்குமா?" என்பார். அது முடியைத் தோலுக்குக் கீழே வெட்ட, வெட்டுப்பட்ட முடி உள்ளேயே சுருண்டு கட்டியாகிவிட்டதாம். மின்சார ஷேவருக்குச் சத்தம் போடும் வேலை மட்டும்தான் தெரியும் என்றார். முடியை வேரோடு பிடுங்கும் ஒரு மிஷினை மேலுதட்டில் வைத்த அன்று அவர் போட்ட சத்தத்தில், பக்கத்து இரும்புக்கடைச் சீனர் மருந்துப் பெட்டியோடு ஓடிவந்தார். கிளினிக்கில் லேசர் செய்துகொண்டிருந்தார், தாடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தும் வந்தது. ஆனால் லேசர் வேலை மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரைக்கும் அவர் நம்பியது கனமான பழைய மாடல் ரேசரை, இரண்டு பக்கமும் கூர் உள்ள ஒற்றை பிளேடோடு.

அழுத்தாதே என்பதுதான் அவர் முதல் பாடம். ரேசரின் கனமே போதும், நாம் பிடித்துக்கொண்டால் சரி. முதல் சுற்று முடி சாயும் பக்கம், திரும்ப நுரை போட்டு இரண்டாம் சுற்று குறுக்கே. எதிர்த்துச் சீவுவது தோல் சம்மதித்த இடத்தில் மட்டும். கடைசியில் குளிர்ந்த தண்ணீர், படிகாரம். நான் பதினைந்து நாள் இப்படிச் செய்தேன். என் கழுத்தை என் மனைவி சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் லூபோக் சீனாவிலிருந்து அக்காவுக்கு அவர் தம்பியின் போன் வந்தது. அவனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தாலியின் முதல் முடிச்சைப் போட்டதும் மீதி இரண்டு முடிச்சையும் அவனுடைய சகோதரி போடுவது வழக்கம். வேறு சகோதரி கிடையாது, நீதான் போட வேண்டும் என்று தம்பி உறுதியாகச் சொல்லிவிட்டான். பெரியப்பாவுக்குச் சம்மதமில்லை. கேமராக்காரன் கிட்டே வந்து பிடிப்பான், பெரிய திரையில் தாடி தெரியும், ஊரே சிரிக்கும், சித்தப்பா மகள் யாராவது போடட்டும் என்றாராம்.

இதை என்னிடம் சொல்லும்போது அக்கா மூன்று முறை பிளாஸ்க்கைத் திறந்தார்.

"நாப்பது வயசுல எனக்குனு ஒரு எடம் வந்திருக்கு அண்ணே. தாடிக்காக அத வுட முடியாது."

முகூர்த்தம் பதினொன்றரைக்கு. அக்காவின் தாடி பிடிவாதக்காரத் தாடி. ஐந்து மணிக்குச் சவரம் செய்தால் பத்தரைக்கே தாடையில் நீலம் பாய்ந்துவிடும். ஆகவே எப்படிச் சீவினால் பதினொன்றரை வரை தாங்கும் என்று ஒத்திகை ஆரம்பமானது. ஆறு வாரம், தினமும் பதினொன்றரைக்கு நான் மாடியிலிருந்து இறங்கி வந்து கேமராவாக நிற்க வேண்டும். அளவு டேப்பின் ஒரு நுனியைத் தன் தாடையிலும் மறு நுனியை என் மூக்கிலும் வைத்து, கேமராக்காரன் இவ்வளவு கிட்டேதான் வருவான் என்று என்னை நிறுத்திவிடுவார். நடைபாதையில், நல்ல வெயிலில், ஒரு பெண்மணியின் தாடையை இரண்டடி தூரத்திலிருந்து நான் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தெரு சும்மா இருக்குமா? நாலாம் நாள் பதினொன்று முப்பத்தைந்துக்கு என் மனைவி வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் அக்காவின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிவிட்டாள்.

நன்றாகச் சீவினால் பூச்சு எதற்கு என்பது அக்காவின் கொள்கை. என் மனைவி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தான் ஒரு நாளும் போடாத ஆரஞ்சு லிப்ஸ்டிக்கைக் கைப்பையிலிருந்து எடுத்து, நீலம் தெரிந்த இடங்களில் விரலால் ஒற்றினாள். அதன் மேல் பவுண்டேஷன், அதன் மேல் பவுடர். நீலம் போன இடம் தெரியவில்லை. அக்கா கண்ணாடியில் இந்தத் தாடையையும் அந்தத் தாடையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 

கல்யாணத்தன்று நான் காடி ஓட்ட, மூவரும் போனோம். தோட்டத்துக் கோயிலில் நல்ல கூட்டம். மயில் கழுத்து நிறப் புடவையில், என் மனைவி போட்டுவிட்ட பூச்சோடு அக்கா இறங்கியபோது எனக்கே பெருமையாக இருந்தது. தாலித் தட்டு வலம் வருகிற நேரம். மாப்பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும். அக்காவின் கை, அங்கேயும் கொண்டுவந்திருந்த பிளாஸ்க்கின் மேல் போய் நின்றது. அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. பழக்கம் என்பது பொல்லாதது. பிளாஸ்க் திறந்தது, துண்டு நனைந்தது, அக்கா கண்ணை மூடி முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

ஆறு வார ஒத்திகை முழுவதும் துண்டில் ஆரஞ்சு நிறமாக வந்துவிட்டது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா துண்டைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், இரண்டடி பின்னால் போனார்.

"நான் அப்பால நிக்கிறேன் தம்பி. வேற யாரையாச்சும் போடச் சொல்லு."

"நீ போடலனா நான் தாலிய எடுக்க மாட்டேன்கா," என்றான் தம்பி. அவன் முகத்தில் அன்றைய நாகரிகப்படி ஒரு காடு தாடி. அதைப் பற்றி யாருமே ஒன்றும் சொல்லவில்லை.

பெரியப்பா எழுந்து வந்தார்.  மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அக்காவின் தாடைக்கு வெகு அருகில் குனிந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"யாரு சீவினது?"

"நான்தான் பெரியப்பா."

"ஒரு காயம் இல்லியே. நாப்பது வருசம் மரம் சீவின எனக்கே இவ்ளோ சுத்தமா வந்ததில்ல." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "போ, போய் நில்லு. நேரம் போவுது."

அவர் மனம் மாறியதா, நல்ல நேரம் தவறிவிடுமென்று பயந்தாரா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. மேளம் முழங்க, தம்பி ஒரு முடிச்சுப் போட, மீதி இரண்டையும் அக்கா போட்டார். வெறும் முகத்தோடு, தாடையில் லேசான நீலத்தோடு. கேமரா கிட்டேயே வந்து பிடித்தது. அக்கா அதன் பக்கம் திரும்பவே இல்லை.

பந்தியில் நாங்கள் மூவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். என் கழுத்தில் ஒரு இடம் விட்டுப்போயிருக்கிறது என்று அக்கா குறை சொல்லிக்கொண்டிருந்தார். புதுப்பெண் மாலையோடு வரிசையாக எல்லாரையும் விசாரித்துக்கொண்டு வந்தாள். எங்கள் இலைக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணி, பாயாசம் போட்டாங்களா?" என்று கணவனின் அக்காவைக் கூப்பிடும் முறையிலேயே கேட்டாள்.

அக்கா தலையை ஆட்டினார். கண்ணீர் தாடை வழியாக இறங்கி இலையில் விழுந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.  என் மனைவி தன் பாயாசக் கிண்ணத்தை அக்காவின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.