சோல் கேட்ட சுவர்

அந்தப் பின்னறை எனக்கே எனக்கு. ஞாயிற்றுக்கிழமைக்குள் அதைக் கைப்பற்றாவிட்டால் மீசையை எடுத்துவிடுவது என்று குளியலறைக் கண்ணாடி முன் சபதம் செய்தேன். சத்தமாகச் செய்யவில்லை. என் மீசை என் மனைவிக்கு ஆகாது. தெரிந்தால் திங்கட்கிழமைக்காகக் காத்திருப்பாள்.

நான் டிஜே. பிறந்தநாள், பிரிவுபசாரம், கம்பெனி ஆண்டுவிழா, எங்கே கூப்பிட்டாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாட்டுப் போடுவேன். என் மனைவிக்குக் காது கிளினிக்கில் வேலை. யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துச் சொல்வாள். நான் கெடுத்து அனுப்புவதை அவள் சரிபார்க்கிறாளாம். கிளினிக்கில் இதைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள்.

இந்த வாடகை வீட்டுக்கு வந்து ஒரு மாதம். வந்த நாளிலிருந்து இருவருக்கும் பின்னறை மேல்தான் கண். சுவர் அத்தனை தடிமன். கதவைச் சாத்தினால் வெளியுலகம் செத்துப்போகும். நாம் இருமினால்கூட வேறு யாரோ இருமியது போலிருக்கும். ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு சுவர். அறைக்குள் ஒரு சுவரில், முன்பு குடியிருந்தவர்கள் எதையோ மாட்டியிருந்து எடுத்த தடம், ஆள் உயரத்துக்கு, வெளுப்பாக நின்றது. அதற்கு முதுகைக் காட்டி உட்கார எனக்கே கொஞ்சம் கூசும். இருந்தாலும் எனக்கு அது பாட்டு அறை. அவளுக்கோ, வீடு தேடி வருகிறவர்களைச் சோதிக்கும் அறை.

அந்த வாரம் எனக்கு மனசும் சரியில்லை. ஓர் ஆசிரியர் பிரிவுபசார விழாவில், ஓய்வு பெறும் தலைமையாசிரியையே என் பக்கம் வந்து ஒரு பாட்டு வகை கேட்டார். போட்டேன். விழா கலைந்தது.

“அந்தம்மா ஃபங்க் கேட்டிருப்பாங்க,” என்றாள் மனைவி. “இடுப்பை ஆட்டற பாட்டு.”

“கேட்டது பங்க். நாற்காலியை உடைக்கற பாட்டு.”

“உடைச்சாங்களா?”

“ரெண்டு.”

“போன வாரம் ராக் கேட்டவங்களுக்கு ராப் போட்டீங்க.”

“ஜனங்களுக்கு வகை தெரியலைன்னா நான் என்ன பண்றது? டான்ஸை ட்ரான்ஸ்ங்கறாங்க, ட்ரான்ஸை டான்ஸ்ங்கறாங்க. வாய்க்கு வந்த பேரு!”

“ஒரு தடவை கிளினிக் வந்து காதைக் காட்டிட்டுப் போங்களேன். ஒரு வருஷமா சொல்றேன்.”

“என் காதையா? இந்தக் காதுலதான் நம்ம குடும்பமே தொங்குது!”

“அதான் கனம் தாங்கல போல.”

இவளிடம் பேசி ஜெயிக்க முடியாது. பயமுறுத்தித்தான் ஜெயிக்க வேண்டும். அன்றே பின்னறைப் பரணில், அந்த வெளுத்த தடத்துக்கு நேர் மேலே, ஒரு குட்டி ஸ்பீக்கரை ஒளித்து வைத்தேன். கைபேசியில் ஒரு முனகலைத் தயார் செய்தேன். கிணற்றுக்குள் யாரோ பெருமூச்சு விடுவது போல இருக்கும். எங்கள் தொழிலில் இதற்கும் ஒரு வகைப்பெயர் உண்டு. இதுவரை யாரும் கேட்டதில்லை.

சனிக்கிழமை பிற்பகல் நாலு மணி. அவள் அறைக்குள் போனாள். நான் கூடத்திலிருந்து முனகலைத் தட்டிவிட்டு அலறலுக்குக் காத்திருந்தேன். அலறல் வரவில்லை. பத்து நிமிடம் கழித்து அவள்தான் வந்தாள். முகம் வேறு மாதிரி இருந்தது.

“என்னங்க, உள்ள யாரோ பாடறாங்க.”

“பாடறாங்களா? முனகல?”

“முனகலா? எதுக்கு முனகணும்?”

“சும்மா கேட்டேன்.”

“பொம்பளைக் குரல். ஊசி மாதிரி மெல்லிசு.”

நான் அப்படி எதையும் போடவில்லை. கைபேசியைப் பார்த்தேன். முனகல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தேன். உள்ளே போய் நின்றேன். என் இதயம் அடிப்பதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

“இப்பவும் பாடறாளே,” என்றாள் வாசற்படியில் நின்று. “உங்களுக்குக் கேக்கல?”

பக்கத்து வீட்டுத் தபால்காரம்மாவைக் கூப்பிட்டேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அறைக்குள் கால் வைத்ததுமே நின்றுவிட்டாள்.

“ஆமாண்ணே. கேக்குது. மெல்லிசா.”

குழந்தை அதுவரை என் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. சட்டென்று விட்டது. தலையைத் திருப்பி அந்த வெளுத்த தடத்தைப் பார்த்தது. யாரோ தெரிந்தவர்களைப் பார்ப்பது போலப் பார்த்தது. பிறகு சிரித்தது. என் முதுகில் ஈரத்துணியைப் போட்டது போலிருந்தது.

அன்று இரவு முழுக்க எனக்கு இதே யோசனை. பேய் என்றால் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டாமா? தபால்காரம்மாவுக்கு ஒரு பாட்டு, பல் முளைக்காத பிள்ளைக்கு ஒரு பாட்டு, தொழில்முறைக் கலைஞன் எனக்கு மட்டும் ஒன்றும் கிடையாதா?

ஞாயிறும் நாலு மணி. மனைவி அந்தத் தடத்தில் காதை வைத்து நின்றாள்.

“ஏதோ கேக்கறா. உங்ககிட்டதான்.”

“என்கிட்டயா?”

“பாட்டுப் போடறவர்னு தெரிஞ்சிருக்கு.”

“என்ன வேணுமாம்?”

“ஹவுஸ்.”

எனக்கு உயிர் வந்தது. ஹவுஸ் ஒரு பாட்டு வகை. உடனே ஒன்றைப் போட்டேன்.

“அது இல்லையாம்.”

“டீப் ஹவுஸா?”

“வகையெல்லாம் சொல்லல. ஹவுஸ் வேணுமாம்.”

“பாட்டா? இல்ல, இந்த வீட்டையே கேக்கறாளா?”

“நீங்கதானே டிஜே, என்னைக் கேட்டா? இருங்க… மாத்திட்டா. இப்ப சோல்.”

சோல் பாட்டு என்னிடம் முந்நூறு இருக்கிறது. பாட்டாக இல்லாத சோல் ஒன்றே ஒன்றுதான். அது என் ஆத்மா. அதை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

“முந்நூறு இருக்குன்னு சொல்லு,” என்றேன்.

அவள் சுவரில் காதை அழுத்தினாள்.

“ஒண்ணு போதுமாம்.”

நான் கதவைத் தேடினேன். அவள் என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். கிளினிக் பையிலிருந்து ஒரு ஹெட்போனை எடுத்து என் தலையில் மாட்டினாள். “இதுல வெளிச்சத்தம் வராது. சுவரைப் பார்த்து உக்காருங்க. அவ குரல் கேட்டா கையைத் தூக்குங்க. நான் குறிச்சுக்கறேன்.”

கிளினிக் ஹெட்போன் எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும். பயந்தவன் கேள்வி கேட்பதில்லை.

ஒரு காதில், வெகு தூரத்தில், யாரோ ‘ஊ’ என்றார்கள். கையைத் தூக்கினேன். இன்னும் தூரத்தில் இன்னொரு ‘ஊ’. தூக்கினேன். பிறகு நின்றுபோனது. நிமிடக்கணக்கில் மௌனம். எதிரே அந்த வெளுத்த தடம் என்னைவிட ஒரு சாண் உயரமாகத் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் மனைவி இருக்கிறாளா என்றே சந்தேகம் வந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு மூன்று முறை கையைத் தூக்கி வைத்தேன்.

ஹெட்போன் தலையிலிருந்து தானாகக் கழன்றது. கத்திவிட்டேன். கழற்றியது மனைவி.

“என்ன சொன்னா?” என்றேன்.

அவள் மடியில் ஒரு சின்ன மெஷின் இருந்தது. கையில் ஒரு தாள். தாளில் ஒரு கோடு. பாதி வரை நேராகப் போய், பிறகு படிக்கட்டில் உருண்டவன் போல விழுந்திருந்தது.

“இது காது டெஸ்ட்!”

“ஆமா. நான் ஒரு வருஷமா கூப்பிட்டு வரல. பேய் கூப்பிட்டதும் வந்துட்டீங்க.”

“அப்ப பாடினது?”

“இந்த மெஷின் போடற ‘கீ’ங்கற சத்தம். உங்க ஸ்பீக்கரை இதுல மாட்டித்தான் விட்டேன், அதான் உங்க முனகல் வரல. நீங்க ஒளிச்ச அன்னைக்கே பார்த்தாச்சு. குழந்தைக்குக் கேட்டுது, அவங்கம்மாவுக்குக் கேட்டுது. உங்களுக்குக் கேக்கல.”

“நான்தான் அத்தனை தடவை கையைத் தூக்கினேனே!”

“அதுல மூணு தடவை நான் எந்தச் சத்தமும் விடல. அது யாருன்னு நீங்கதான் சொல்லணும்.”

மறுபடி முதுகு குளிர்ந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. தாளில் கோடு விழுந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“கூர்மையான சத்தமெல்லாம் போயிடுச்சுங்க. ‘ஸ்’ உங்களுக்குக் கேக்கல. ‘ஃப்’ கேக்கல. அந்தம்மா ஃபங்க்னுதான் சொன்னாங்க. ஜனங்க எல்லாருமே சரியாத்தான் கேட்டிருக்காங்க. காதுக்குள்ள ஒரு சின்னக் கருவி வைக்கணும். ஸ்பீக்கர் பக்கத்துல நிக்கும்போது காதை மூடிக்கணும். இல்லைன்னா மிச்சமும் போயிடும்.”

இருபது வருஷம் நம்பிய காது. அவள் என் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள். கருவிக்கு ஒத்துக்கொண்டேன். அறையையும் கேட்டாள். முதல் நோயாளியே அங்கே உட்கார்ந்து முடித்தாயிற்று. மறுக்க என்ன இருக்கிறது? கொடுத்துவிட்டேன். மீசைச் சபதத்தை மட்டும் சொல்லவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒரு வெளிச்சம் தோன்றியது. நிமிர்ந்தேன்.

“ஒரு நிமிஷம்! நீ கூப்பிட்டு நான் வராதது, குப்பையை எடுத்துட்டுப் போங்கன்னு நீ கத்தி நான் அசையாதது, எல்லாமே வியாதி! அதுக்குப் போய் என்னை எவ்வளவு திட்டியிருக்கே? இப்ப மன்னிப்புக் கேளு!”

அவள் பென்சிலை எடுத்தாள். கோடு விழுவதற்கு வெகு முன்னால், நேராக இருந்த இடத்தில், ஒரு புள்ளி வைத்தாள்.

“என் குரல் கட்டைக் குரல். மெஷின்ல அளந்தும் பார்த்துட்டேன். அது இந்த இடத்துலதான் வருது. இங்க உங்க காதுக்கு ஒரு குறையும் இல்ல. குப்பை வாசல்லதான் இருக்கு.”