சூரியக் களம்

அரசு அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் நடைமுறை விதி உண்டு, திட்டத்துக்குப் பெயர் வைப்பதைத் தவிர. மற்ற விதிகள் அனைத்தையும் கரைத்துக் குடித்திருந்த நான், விதியில்லாத அந்த ஓரிடத்தில்தான் விழுந்தேன்.

நான் சாலைப் பொறியாளராக ஓய்வுபெற இருந்த சமயம். வடமதுரை அருகே ஒரு கிராமச் சாலையில் சிறு துண்டைத் தோண்டி, தாருக்குப் பதில் சோலார் தகடுகளைப் பதித்து, மேலே தடித்த கண்ணாடி போட்டோம். அந்த மின்சாரத்தில் ஓரத்துத் தண்ணீர் மோட்டார் ஓட வேண்டும். ஓடினால் திட்டம் வளரும். ஓடாவிட்டால் அதோடு சரி. என் யோசனை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வேறெதுவும் இல்லை. (பணிக்காலம் முழுக்கப் பள்ளம்தான் மூடியிருந்தேன்.)

பலகையில் நல்ல தமிழாக இருக்கட்டும் என்று 'சூரியக் களம்' என எழுதவைத்தேன். சோதனைக் களம் என்கிறோமே, அந்தப் பொருளில்.

ஆய்வு நாளன்று தலைமைப் பொறியாளர் ஜீப்பில் கேட்டுக்கொண்டே வந்தார். தட்டையாகக் கிடந்தால் மின்சாரம் குறையாதா? தூசி படியாதா? லாரி ஏறினால்? எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன்.

ஜீப் திரும்பியது. தகடுகளைக் காணவில்லை. முழங்கால் உயரத்துக்கு அறுத்த கொள்ளுச் செடி பரப்பியிருந்தது. ஓர் அம்மாள் அதைக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது?"

"கொள்ளு சார். வண்டிய முன்ன பின்ன ஏத்துங்க, செத்த நேரத்துல உதுந்துரும்."

"இது கரண்ட் எடுக்கிற ரோடும்மா."

"போர்டுல களம்னுல போட்டிருக்கு. காயப்போடக் களம் வேணும்னு பஞ்சாயத்துக்கு நடையா நடந்தோம். நீங்க கண்ணாடியே போட்டுக் குடுத்துட்டீக. சூடு அம்புட்டும் நிக்குது."

தலைமைப் பொறியாளர் பலகையைப் படித்தார்.

"பேர் யார் வச்சது?"

"நான்தான் சார்." (இந்தக் கேள்விக்கு மட்டும் தயாரித்து வரவில்லை.)

மோட்டாரைப் போட்டார்கள். அது முனகக்கூட இல்லை.

"செடிய அள்ளச் சொல்லவா சார்?"

"இன்னைக்கு அள்ளிரலாம். ரோடு நெடுக, வருசா வருசம் யாரு அள்ளுறது?"

அவர் டிரைவரிடம், "ஏத்துப்பா" என்றார். ஜீப் என் திட்டத்தின் மீது முன்னும் பின்னும் போய்வந்தது. நான் ஓரமாக நின்று பார்த்தேன்.

அந்தத் துண்டைப் பஞ்சாயத்திடமே ஒப்படைத்துவிட்டார்கள். அந்த அம்மாள் அறுவடைக்கு அறுவடை ஒரு பை கொள்ளு கொடுத்தனுப்புகிறார். வீட்டில் அதில் ரசம் வைப்பார்கள். விருந்தாளி யார் வந்தாலும் என் மனைவி கரண்டியோடு நின்று, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்பாள்:

"இன்னும் கொஞ்சம் கரண்ட் ஊத்தவா?"