அரைத் திருகு

மூன்றாவது முறையாகக் கார் இருமிவிட்டு உயிரை விட்டபோது கணக்காளர் ஸ்க்ரூடிரைவரைத் தன் பனியனிலேயே துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை மகன் வேலைக்காக வேறு ஊருக்குக் கிளம்புகிறான். அவனை இந்தப் பழைய காரில் ஸ்டேஷன்வரை கொண்டுபோய் விட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிப் புது வாஷர் போட்டு மாட்டியாகிவிட்டது. பாக்கி இருந்தது மீட்டரிங் ராடு. ஊசி மாதிரி இரண்டு கம்பிகள். துளைக்குள் இறங்கினால் பெட்ரோல் குறையும், மேலே ஏறினால் கூடும். ஏற்றி இறக்க ஒரு குட்டித் திருகு.

ஆசையை மகனிடம் வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் போன வருஷம் இதே காரில் அவன் கை வைத்தபோது, "நீ தொட்டா எதுவும் உருப்படாது" என்று விருந்தாளிகள் முன்னாலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே தபால் சேவை அவர் மனைவிதான்.

"ரயில் எத்தனை மணிக்குன்னு கேளு."

"அவன் உங்க பக்கத்துலதான் நிக்கிறான்."

"கேளுன்னா கேளேன்!"

"ஒம்பதுக்குன்னு சொல்லும்மா," என்றான் மகன், சுவரைப் பார்த்து.

புதன் காலை ராடை அரைத் திருகு ஏற்றினார். இன்ஜின் சமர்த்தாக ஓடியது. சீட்டியடித்துக்கொண்டே ஆபீஸ் போனார். மாலையில் வந்து சாவியைத் திருப்பினால் ஒரே இருமல், பெட்ரோல் போதவில்லை.

"காலையில நல்லாத்தானே ஓடிச்சு?" என்றார்.

"என்னைக் கேட்டா?" என்றாள் மனைவி.

வியாழன் காலை முழுத் திருகு ஏற்றினார், மறுபடி ஓடியது. மாலையில் வண்டி இருமக்கூட இல்லை. தன் கை மீதே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ராத்திரி வீட்டுக் கணக்கில் ஒரு கூட்டலை நான்கு தடவை போட்டார்.

வெள்ளி காலை, வருவது வரட்டும் என்று இரண்டு திருகு ஏற்றினார். கார் ஒரு குலுங்கு குலுங்கிக் கறுப்புப் புகையைக் கக்கியது. எதிர்வீட்டுக்காரர் கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டைகள் துக்கம் அனுஷ்டித்தன.

"சார், சட்டை!"

"துவைச்சுத் தந்துடறேன் சார், நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்குங்க!"

சனிக்கிழமை அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காரில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடந்தது கார். வாசலில் மனைவி கூப்பிட்ட டாக்ஸி வந்து நின்றது.

மகன் பெட்டியை ஏற்றிவிட்டுக் காரையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"வர்றேன்னு சொல்லும்மா."

கணக்காளர் காரிலிருந்து இறங்கினார். நேராகவே பேசிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

"பத்திரமாப் போகச் சொல்லு," என்று மனைவியிடம் சொன்னார்.

டாக்ஸி திரும்பி மறைந்தது. அப்படியா வழியனுப்புவது என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஒரு வருஷத்தில் ஒரு வார்த்தை பேச வக்கில்லாதவனுக்குக் கார்புரேட்டர் ஒரு கேடு. பானெட்டைத் திறந்து வெறுமனே நின்றார்.

எதிர்வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து அவர் தோளைத் தட்டினார்.

"விடுங்க சார். தினம் நீங்க ஆபீஸ் போனதும் உங்க பையனும் வந்து பெட்ரோல் ஜாஸ்தின்னு அந்தத் திருகை இறக்கி இறக்கிப் பார்த்தான், 'ஊருக்குப் போற அன்னைக்காவது அப்பா என்னை இந்தக் கார்ல கொண்டுபோய் விடணும்'னு."